உருவமற்ற புரதங்களுக்கு ஒரு பதிவேடு

பூச்சிக்கொல்லிக்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டா? பதில் தேடிப் போனால், ஆய்வாளர்கள் ஒவ்வொரு கட்டுரையாகப் படித்துச் சேர்த்த ஒரு பட்டியலில் போய் நிற்கிறோம்.

கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தீவு ஏலூர். உத்யோகமண்டல் என்ற பெயரில் நாடறிந்த தொழிற்பேட்டை இங்கேதான் இருக்கிறது. 1947ல் ஃபாக்ட் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1950களில் பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் வந்தது. முதலில் டிடிடி, பின்னாளில் எண்டோசல்பான். அரிய மண் தாதுக்களைப் பிரித்தெடுக்கும் ஆலையும் உண்டு. ஏலூரிலும் எதிர்க்கரையான எடையாரிலுமாகச் சிறிதும் பெரிதுமாய் 200க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள். இவற்றைத் தொட்டு ஓடும் ஆறுதான் கீழே போய்க் கொச்சிக் காயலில் கலக்கிறது. அந்தக் காயலின் மீனை நம்பி மட்டாஞ்சேரி வரை ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன.

2024 மே மாதம் பாதாளம் தடுப்பணையின் ஷட்டர்கள் திறக்கப்பட்டதும் ஆற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோனதைக் காரணமாகச் சொன்னது. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வோ அமோனியாவையும் சல்ஃபைடையும் சுட்டியது. ஒரே ஆறு, செத்தது ஒரே மீன், அறிக்கைகள் மட்டும் இரண்டு. ஏலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. குழிக்கண்டம் தோட்டின் சேற்றில் டிடிடி இருப்பதாக 1999ல் கிரீன்பீஸ் அமைப்பு சொன்ன நாளிலிருந்து, 2004 ஜூலையில் பூச்சிமருந்து ஆலையில் தீப்பிடித்தது வரை, ஒவ்வொரு முறையும் ஒரு தரப்பு 'ஆபத்து' என்றது, மறு தரப்பு 'நிரூபணம் எங்கே' என்றது.

மீன் செத்தால் கண்ணுக்குத் தெரியும். மனித உடலுக்குள் இருபது, முப்பது ஆண்டுகளாக மெல்ல நடப்பது தெரியாது. பூச்சிக்கொல்லி புழங்கும் எந்த ஊரிலும் எழக்கூடிய கேள்விகளில் ஒன்று பார்க்கின்சன் நோயைப் பற்றியது. நம் ஊர்களில் நடுக்குவாதம் என்பார்கள். கை நடுங்கும், நடை தளரும், முகம் உணர்ச்சியற்றுப் போகும். இந்த நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் திரண்டு கிடக்கும் கட்டிகளில் முக்கியமாக இருப்பது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம். இது 1997ல் தெளிவாயிற்று. அதே ஆண்டு, இந்தப் புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் பரம்பரையாக இந்நோய் வரும் இத்தாலியக் குடும்பம் ஒன்றும் கண்டறியப்பட்டது.

இந்தப் புரதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 140 அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சங்கிலிக்கு நிலையான உருவமே கிடையாது.

உருவம் இல்லாத புரதமா? கல்லூரியில் உயிரியல் படித்தவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். அவர்கள் படித்த பாடம் வேறு. 1894ல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டும் சாவியும் உவமைதான் நூறாண்டுக் காலம் வகுப்பறைகளை ஆண்டது. சாவிக்கு ஒரு வெட்டு, பூட்டுக்கு ஒரு துவாரம். இரண்டும் பொருந்தினால் வேலை நடக்கும். உருவம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. உருவம் கலைந்தால் வேலையும் நின்றுபோகும். இது தப்பில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்பதை அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. அதன் புரதங்களுக்கு இருந்த உருவம் சூட்டில் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. பாலைக் காய்ச்சினால்? பொங்கும், வழியும், ஆனால் முட்டை மாதிரி உறையாது. பாலில் பெரும்பங்கான கேசின் வகைப் புரதங்களுக்குக் குலைவதற்கென்று நிலையான உருவம் பெரிதாக இல்லை. தொளதொளவென்று நெகிழ்ந்த சங்கிலிகள் அவை. அந்த நெகிழ்ச்சியால்தான் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அரவணைத்துக் குழந்தையின் வயிற்றுக்குக் கொண்டுசேர்க்கின்றன.

பூட்டு, சாவி காலத்தின் மாபெரும் வரைபடத்தைத் தந்தவர் ஏலூரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் பிறந்தவர். கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன், 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா அங்கே மகாராஜாஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றபோது ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலுக்கும் எலும்புக்கும் வலு தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954, 55ல் காட்டினார். 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரைதான் இன்றும் உலகத்துப் பாடநூல்களில் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரில் இருக்கிறது.

வரைபடத்தின் அடிப்படை எளிமையானது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பலாம். எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திரும்ப முடியாது, அணுக்கள் இடித்துக்கொள்ளும். இடிக்காத கோணங்களைக் குறித்தால் தாளில் சில தீவுகள் கிடைக்கும். மற்றதெல்லாம் தடை செய்யப்பட்ட பகுதி. உருவம் நிலைத்த புரதத்தில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு தீவில் குடியேறி உட்கார்ந்துவிடும். உருவமற்ற புரதத்தின் கண்ணியோ தீவுக்குத் தீவு போய்க்கொண்டே இருக்கும். எல்லைகள் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த வகையில் எர்ணாகுளத்துக்காரரின் வரைபடம் உருவமற்றவற்றுக்கும் செல்லும்.

அப்படியானால் இவை இத்தனை காலம் ஏன் கண்ணில் படவில்லை? பட்டன. பார்த்தவர்கள் குறை என்று எழுதிவைத்தார்கள்.

புரதத்தின் உருவத்தைக் காணும் பழைய வழி, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்துவது. அசையாமல் நிற்கும் பகுதிகள் பதிவாகும். அலைபாயும் பகுதிகள் பதிவாகா. உலகத்துப் புரத உருவங்களையெல்லாம் சேமிக்கும் புரதத் தகவல் வங்கி 1971ல் ஏழே ஏழு உருவங்களுடன் தொடங்கியது. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே பல புரதங்களின் கோப்புகளில் 'குறிப்பு 465' என்ற பகுதி வரும். பரிசோதனையில் தென்படாத அமினோ அமிலங்களின் பட்டியல் அது. நம் புறநானூற்றுப் பதிப்பில் ஏடு சிதைந்த இடங்களில் வரும் புள்ளிகளைப் போல. தமிழ் முதுகலை வகுப்பில் அந்தப் புள்ளிகளின் மீது கண் ஓட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். விஞ்ஞானிகளும் பல்லாண்டுக் காலம் அதையே செய்தார்கள். ஒரே வித்தியாசம், புறநானூற்றில் தொலைந்தது தொலைந்ததுதான். 267, 268ஆம் பாடல்கள் இனிக் கிடைப்பது சந்தேகம். புரதத்தில் அந்தத் துண்டு அங்கேயே இருக்கிறது. ஆடிக்கொண்டிருப்பதால் படத்தில் விழவில்லை, அவ்வளவே.

அமெரிக்க விஞ்ஞானி கீத் டன்கர் இதைக் கவனித்தது 1995ல் ஒரு கருத்தரங்கில். கால்சினியூரின் என்ற புரதத்தின் உருவத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு நீண்ட துண்டு படத்தில் இல்லை. ஆனால் அந்தப் புரதத்தை இயக்கிவைக்கும் இன்னொரு மூலக்கூறு வந்து ஒட்டும் இடமே அந்தக் காணாத துண்டுதான். காணாத பகுதிதான் வேலை செய்கிறது என்றால், காணாமை ஒரு குறையாக இருக்க முடியாதே? அவர் தேடத் தொடங்கினார். 1999ல் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும் எழுதிய கட்டுரை, உருவம் இருந்தால்தான் வேலை என்ற கொள்கையையே மறுபரிசீலனைக்கு அழைத்தது. 2004ல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, முப்பது கண்ணிகளுக்கு மேல் தொடர்ச்சியாக உருவமற்ற பகுதி கொண்ட புரதங்கள் பாக்டீரியாவில் சுமார் 4 சதவீதம்தான். நம்மைப் போன்ற உட்கருவுள்ள உயிர்களில் 33 சதவீதம். புற்றுநோயைத் தடுக்கும் காவலன் என்று பெயர்பெற்ற பி53 புரதத்தின் இரு முனைகளும் இப்படித்தான். உருவம் இறுகாததால் பலரோடு கைகுலுக்க முடிகிறது.

பெயர் வைப்பதில்தான் சண்டை. இயல்பாகவே மடியாதவை என்றார்கள், கட்டமைப்பற்றவை என்றார்கள், நடனமாடும் புரதங்கள், பச்சோந்திகள், புரத மேகங்கள் என்றெல்லாம் எழுதினார்கள். கடைசியில் ஆங்கிலத்தில் நிலைத்த பெயரை அப்படியே தமிழாக்கினால் 'உள்ளார்ந்த ஒழுங்கற்ற புரதங்கள்' என்று வரும். மொழிபெயர்ப்பு வேலையில் காலம் தள்ளும் எனக்கு அது உறுத்துகிறது. தமிழில் ஒழுங்கற்றது என்றால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்கவைத்த பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். இவை எந்தத் தப்பும் செய்யவில்லை. இந்தக் கட்டுரையில் உருவமற்றவை என்றே சொல்லியிருக்கிறேன்.

உருவம் உள்ள புரதத்துக்கு உருவமே சாட்சி. வங்கியில் போட்டுவைத்தால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். உருவமற்றதற்கு என்ன சாட்சி? எத்தனையோ பேர் எத்தனையோ வழிகளில் செய்த பரிசோதனைகள், ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் இறைந்து கிடக்கின்றன. ஒருவர் காந்தப் புலத்தில் வைத்து அளந்திருப்பார். இன்னொருவர் ஒளியைச் சுழற்றிப் பார்த்திருப்பார். மற்றொருவர் செரிமான நொதியை ஊற்றி எவ்வளவு சீக்கிரம் துண்டாகிறது என்று பார்த்திருப்பார். உருவமற்றது சுலபமாக வெட்டுப்படும். இவற்றை ஒருவர் உட்கார்ந்து படித்து, இன்ன புரதம், இன்ன கண்ணியிலிருந்து இன்ன கண்ணி வரை, இன்ன பரிசோதனை, இன்ன கட்டுரை என்று எழுதிவைத்தால்தான் சாட்சி உருவாகும்.

அந்த வேலையைச் செய்வதுதான் டிஸ்ப்ராட் என்ற தகவல் தளம். அமெரிக்காவில் டெம்பிள், இந்தியானா பல்கலைக்கழகங்களில் உருவாகி 2005ல் முறைப்படி அறிவிக்கப்பட்டது. 2007க்குப் பிறகு பெரிய புதுப்பிப்பு ஏதும் இல்லாமல் ஏறக்குறைய பத்தாண்டுகள் கிடந்தது. பிறகு இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் சில்வியோ டொசாட்டோவின் குழு எடுத்துக்கொண்டு, பல நாட்டு ஆய்வாளர்களைச் சேர்த்துப் பழைய பதிவுகளையும் திரும்பப் படித்துச் சீர்செய்தது. 2017ல் அறிவித்த பதிப்பில் 800க்குச் சற்று அதிகமான புரதங்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை சில ஆயிரங்களாக உயர்ந்திருக்கிறது. ஜப்பானில் ஐடியல் என்று இன்னொரு தளம் உண்டு. ஓயாமல் மாறும் உருவங்களைக் கூட்டமாகச் சேமிக்க ஒன்று, எல்லாவற்றையும் இணைத்துக் கணிப்பையும் சேர்த்துத் தர மோபிடிபி என்று ஒன்று.

சில ஆயிரம் என்பது கேட்பதற்கு அற்பமாக இருக்கலாம். 2022 ஜூலையில் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை அறிவு நிரல் 20 கோடிப் புரதங்களின் உருவத்தைக் கணித்துப் பொதுவில் வைத்துவிட்டது. அதைச் செய்த ஹசாபிஸுக்கும் ஜம்ப்பருக்கும் 2024ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. தகுதியான பரிசு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது பாடம் கற்றது முதன்மையாக உருவம் தெரிந்த புரதங்களின் வங்கியில். மனிதப் புரதங்களைக் கணித்தபோது, மொத்தக் கண்ணிகளில் 58 சதவீதத்துக்குத்தான் நம்பிக்கையோடு இடம் சொல்ல முடிந்தது. மிச்சத்தில் கணிசமான பகுதி, திரையில் பிரிந்த நூல்கண்டு போலத் தொங்குகிறது. அந்த நூல்கண்டு அந்தப் புரதத்தின் உருவமல்ல, 'எனக்குத் தெரியவில்லை' என்று கம்ப்யூட்டர் சொல்லும் விதம். தெரியாமை சில இடங்களில் உருவமின்மை, சில இடங்களில் வெறும் தெரியாமை. எது எது என்று பிரித்துச் சொல்ல மறுபடி பரிசோதனைக்கும் படிப்பவருக்கும்தான் திரும்ப வேண்டும். உருவமின்மையைக் கணிக்கும் நிரல்களுக்கு 2018ல் ஒரு பொதுத் தேர்வு வைத்தார்கள். வினாத்தாள் எங்கிருந்து வந்தது? டிஸ்ப்ராட் பதிப்பாளர்கள் படித்துக் குறித்து, இன்னும் வெளியிடாமல் வைத்திருந்த பதிவுகளிலிருந்து.

இனி அந்த நடுக்குவாதப் புரதம். டிஸ்ப்ராட்டில் அதன் எண் டி.பி. 00070. இந்தப் புரதம் உருவமற்றது என்று 1996லேயே கட்டுரை வந்துவிட்டது. கொதிக்கவைத்தாலும் திரளாது, ஆய்வகங்களில் இதைச் சுத்தம் செய்யக் கொதிக்கவைப்பதும் ஒரு வழி. பிறகு 2011ல் ஒரு குண்டு விழுந்தது. ஹார்வர்டின் டென்னிஸ் செல்கோ குழுவினர், உயிருள்ள செல்லுக்குள் இது நான்கு நான்காகச் சேர்ந்து சுருள் உருவத்தில் இருக்கிறது, உருவமற்றுப் போவது நீங்கள் சுத்தம் செய்யும் முறையால் என்று சொன்னார்கள். அது உண்மையானால் மருந்து தேடும் வழியே மாற வேண்டும். நான்கும் பிரியாமல் பிடித்துவைத்தால் போதும் என்றாகிவிடும். பல ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தன, முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2016ல் பெர்லினில் ஃபிலிப் செலென்கோவின் குழு, உயிருள்ள பாலூட்டிச் செல்களுக்குள்ளேயே இந்தப் புரதத்தைச் செலுத்தி அளந்து, அங்கேயும் அது தனித்தனியாக, உருவமற்றுத்தான் இருக்கிறது என்று காட்டியது. செல்கோ தரப்பு முழுவதும் விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட வழக்கில் பதிப்பாளர் தீர்ப்பு எழுதக் கூடாது. உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்திலிருந்து நல்ல பதிப்பாளர்கள் எப்படி மாறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் நிறுத்திவைத்தார்களோ, அப்படி இரண்டையும், எந்தச் சூழலில் கண்டது என்பதோடு நிறுத்திவைக்க வேண்டும். 2023ல் இந்தத் துறையினர் கூடி ஒரு விதிமுறையே வெளியிட்டார்கள். பரிசோதித்தது முழுப் புரதமா, துண்டா, ஒட்டுவால் ஏதும் சேர்த்தார்களா, அமிலத்தன்மை எவ்வளவு, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, பாத்திரத்திலா, செல்லுக்குள்ளா. உருவமற்ற புரதம் சூழலுக்கேற்ப மாறுவது. சூழலைச் சொல்லாமல் புரதத்தை மட்டும் சொன்னால் பாதி உண்மைகூட ஆகாது.

ஏலூரின் கேள்விக்கு இது எங்கே பயன்படுகிறது? 2001ல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் விளாடிமிர் உவெர்ஸ்கி, ஆன்டனி ஃபிங்க் முதலியோர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ரோட்டினோன், டயல்ட்ரின், பாராகுவாட் போன்ற கொல்லிகளைச் சேர்த்தால் ஆல்ஃபா சைனூக்ளின் தன் நிலை மாறி, நோயாளிகளின் மூளையில் காண்பது போன்ற இழைகளாக வேகமாகத் திரள்கிறது. இது சோதனைக் குழாயில், சுத்தம் செய்த புரதத்தில் கண்டது. 1994ல் வேறொரு குழு இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்ததில், பார்க்கின்சன் நோயாளிகள் 20 பேரில் 6 பேரின் மூளையில் டயல்ட்ரின் இருந்தது, அந்த நோய் இல்லாத ஒப்பீட்டுக் குழுவினர் 14 பேரில் ஒருவரிடமும் இல்லை. 2011ல் அமெரிக்காவில் வயல்களில் மருந்தடித்தவர்களிடம் நடந்த ஆய்வில், ரோட்டினோனோ பாராகுவாட்டோ பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். அதே ஆண்டு கேரள அரசு தடைசெய்த கொல்லிகளில் பாராகுவாட்டும் ஒன்று. எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும் 2011 மே மாதத்தில்தான்.

இதைப் படித்துவிட்டு 'ஏலூர் ஆலையால் நடுக்குவாதம்' என்று தலைப்பிட ஒரு பத்திரிகைக்காரனுக்குக் கை துறுதுறுக்கும். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. மேலே சொன்ன மூன்று கொல்லிகளில் எதுவும் ஏலூருக்குப் பெயர் வாங்கித் தந்த சரக்கல்ல; அங்கே டிடிடியும் எண்டோசல்பானும். குழாயில் கண்டது மனிதனிடம் நடக்கும் என்பதும் தானாக வராது. ஆனால் 'நிரூபணம் எங்கே' என்று கேட்டு நகர்ந்துவிடுபவர்களுக்கும் இது சௌகரியமான செய்தி இல்லை. இந்தப் புரதம் உருவமற்றது, சூழலால் மாறக்கூடியது என்பது சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட அளவுக்குப் பதிவாகியிருக்கிறது. சில கொல்லிகள் அதை மாற்றுகின்றன என்பதும் பதிவாகியிருக்கிறது. அடுத்த கண்ணி, அதாவது இன்ன ஊரில் இன்ன ரசாயனத்தோடு வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது, நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தால்தான் கிடைக்கும். புரதத்துக்குப் பதுவாவில் இருக்கிற மாதிரி ஒரு பொறுமையான பதிவேடு, ஊருக்கும் தேவைப்படுகிறது.

பொறுமைக்கு யார் பணம் தருவது என்பதுதான் இந்த விவகாரத்தில் கசப்பான பகுதி. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க மானியம் கிடைக்கும். பிறர் கண்டுபிடித்ததைப் படித்து ஒழுங்குபடுத்தக் கிடைப்பது அரிது. 1986ல் தொடங்கிய ஸ்விஸ்-ப்ராட், புரத ஆராய்ச்சிக்கே அகராதி போன்றது. பத்தே ஆண்டில், 1996ல், பணமில்லாமல் மூடப்போவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. உலகெங்கிலுமிருந்து விஞ்ஞானிகள் கூக்குரல் எழுப்பியதால் பிழைத்தது. எல்லாம் அப்படிப் பிழைப்பதில்லை. 1997ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் இருந்த 326 உயிரியல் தகவல் தளங்களைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 60 சதவீதத்துக்கு மேல் செத்துவிட்டிருந்தன.

நம் பக்கத்து உதாரணம் ப்ரோதெர்ம். ஒரு புரதத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் அதன் உறுதி எவ்வளவு குறைகிறது, கூடுகிறது என்ற அளவுகளைக் கட்டுரைகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த தளம். உருவமின்மையைப் பற்றியதல்ல என்றாலும் அதே வகையான உழைப்பு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த மைக்கேல் குரோமிஹா ஜப்பானில் இருந்தபோது அகினோரி சராய் குழுவினருடன் உருவாக்கியது, 1999ல் வெளிவந்தது. உலகத்தில் புரத உறுதியைக் கணிக்கும் நிரல்களில் பல அதை வைத்துத்தான் பழகின. பயன்படுத்தியவர்கள் பிழைகளும் கண்டார்கள். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மாறினால் உறுதியான புரதம் தளர்ந்ததாகிவிடும், தளர்ந்தது உறுதியாகிவிடும். பின்னர் தளம் புதுப்பிக்கப்படாமல் தேங்கியது. குரோமிஹா சென்னை ஐஐடிக்கு வந்தபின் அவரது மாணவர்கள் மறுபடி கட்டுரை கட்டுரையாகப் படித்து, 2021ல் 31,000க்கும் மேற்பட்ட அளவுகளோடு ப்ரோதெர்ம்டிபி என்று புதுப்பித்தார்கள். 'பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

2022 நவம்பரில் ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தகவல் மையத்தை மத்திய அரசு திறந்தது. நாட்டில் அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளின் தகவல்களைச் சேமிக்கும் பெரிய கிடங்கு. நல்ல ஏற்பாடு. கிடங்குக்கும் பதிப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை மட்டும் டெல்லியில் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. கிடங்கில் சேருவதை யாராவது படித்து, சரிபார்த்து, அடிக்குறிப்பு எழுத வேண்டும். அதற்குத் தனியாக ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

பதுவா குழு இதற்கு ஒரு வழி செய்து பார்க்கிறது. யார் எந்தப் பதிவை எழுதினார், யார் திருத்தினார் என்று பெயரோடு கணக்கு வைக்கும் அபிக்யூரான் என்ற தளத்தை 2021ல் தொடங்கியது. ஒரு கட்டுரை படித்தால் இத்தனை புள்ளி, ஒரு பிழை திருத்தினால் இத்தனை புள்ளி, அதிகம் சேர்த்தவருக்குப் பதக்கம், விளையாட்டு மாதிரி. வேலை தேடும் இளம் ஆய்வாளர் தன் விண்ணப்பத்தில் அதைக் காட்டலாம். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை மதிப்பாரா என்பது வேறு விஷயம்.